மருந்தடித்த பின் சிலந்திப் பேன் பெருகுவது ஏன்? கிறிஸ்துமஸ் மரத் தோட்டக்காரர் ஒருவருக்குப் பதில்

மேலோட்டமாகப் படித்தால் உங்கள் கேள்வி ஒரு மருந்தின் பெயரைக் கேட்பது போல இருக்கிறது. வட கரோலினா மாநிலத்தின் ஆஷ் கவுண்டியில் குத்தகைக்கு எடுத்த ஃப்ரேசர் ஃபர் என்ற ஊசியிலை மரத் தோட்டத்தில், ஏப்ரல் கடைசியில் அசுவினிக்காக எஸ்ஃபென்வலரேட் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தீர்கள், அசுவினி ஒழிந்தது, ஆனால் ஆகஸ்டு நடுவில் மரங்களின் உட்புற ஊசியிலைகள் வெளுத்துப் பழுப்பேறத் தொடங்கின, கண்ணாடி வைத்துப் பார்த்தபோது சிலந்திப் பேன் தெரிந்தது, இதைவிட வீரியமான மருந்து எது என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், பக்கத்துத் தோட்டக்காரர் இந்த ஆண்டு மருந்தே அடிக்கவில்லை, அவர் மரங்கள் பச்சையாகத்தான் நிற்கின்றன என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது அந்த வரியில்தான் இருக்கிறது: நான் அடித்த மருந்துதான் இந்தப் பேனை வரவழைத்ததா, அப்படியானால் மருந்தடிப்பதையே விட்டுவிட வேண்டுமா?

பூச்சியியல் படித்து, ஊசியிலை மரப் பயிர்களில் பூச்சி மேலாண்மை ஆலோசனை சொல்லிப் பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மரங்களை நேரில் பார்க்காமல் உங்கள் தோட்டத்துக்கு மட்டும் உரிய தீர்ப்பை யாராலும் சொல்ல முடியாது. பொதுவாகத் தெரிந்ததைக் கொண்டு சொன்னால், முதல் கேள்விக்கு விடை "பெரும்பாலும் ஆம்" என்பது. இரண்டாவதற்கு விடை "இல்லை". இந்த இரண்டு விடைகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றும். ஃப்ரேசர் ஃபர் மரத்தை அங்கே தாக்கும் முக்கியமான பூச்சிகள் நான்கு. அவற்றைத் தின்னும் இரைவிழுங்கிகளின் பலம் ஒவ்வொன்றிலும் வேறு வேறாக இருக்கிறது. ஒரு பூச்சிக்கு நியாயமான தெளிப்பு இன்னொரு பூச்சிக்கு வழிதிறந்து விடுகிறது என்பதே இதன் சிக்கல்.

முதலில் சிலந்திப் பேனை எடுத்துக்கொள்வோம். உங்கள் தோட்டத்தில் இருப்பது பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் சிலந்திப் பேன், அறிவியல் பெயர் ஒலிகோநைகஸ் உனுங்குயிஸ். நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலையைச் சிவக்கவைக்கும் செஞ்சிலந்தி இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் தேயிலைச் சிலந்திக்கு வெயிலும் வறட்சியும் பிடிக்கும், இதற்கோ குளிர்ந்த வசந்தமும் இலையுதிர் காலமும்தான் உகந்தவை. குளிர்காலத்தை முட்டையாகக் கழித்து, வசந்தத்தில் பொரித்து, ஏற்ற தட்பவெப்பத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தலைமுறை என்று பெருகும். கோடை வெப்பத்தில் சமவெளிகளில் அடங்கிவிடும். உங்களைப் போல மலை உயரத்தில் இருப்பவர்களுக்குக் கோடையிலும் ஓயாது. கவனிக்க வேண்டியது, ஊசியிலையில் நிறம் மாறுவது பேன் உறிஞ்சிய பிறகு தாமதமாகத்தான் கண்ணுக்குப் படும் என்பது. ஆகஸ்டில் நீங்கள் பார்த்த பழுப்பு, அதற்குச் சில வாரங்கள் முன்பு நடந்த தாக்குதலின் தடம். ஃபர் மரம் தன் ஊசியிலைகளைப் பல ஆண்டுகள் வைத்திருக்கும், ஒருமுறை பழுப்பேறிய ஊசி மீண்டும் பச்சையாவதில்லை. அதனால்தான் மற்றப் பயிர்களில் பொருட்படுத்தாமல் விடக்கூடிய அளவுகூட இந்த மரத்தில் நஷ்டமாகிறது. கிறிஸ்துமஸ் மரத்தை வாங்குபவர் அதன் தோற்றத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்.

இந்தப் பேனை இயல்பாக அடக்கி வைப்பவை முக்கியமாக இரண்டு கூட்டங்கள். ஃபைட்டோசெயிட் குடும்பத்து இரைவிழுங்கிப் பேன்கள் முதலாவது. பேனைத் தின்பதையே தொழிலாகக் கொண்ட, ஊசிமுனை அளவே உள்ள ஸ்டெதோரஸ் என்ற கருநிறப் பொறிவண்டு இரண்டாவது. கண்ணாடி இறக்கைப் பூச்சியின் இளம் புழு, பிற பூச்சிகளை வேட்டையாடும் சிறு நாவாய்ப் பூச்சிகள் ஆகியவையும் கிடைத்தால் தின்னும். இவற்றுள் இரைவிழுங்கிப் பேனுக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். பொறிவண்டு இரை பெருகிய பிறகு தேடி வரும். இரைவிழுங்கிப் பேனோ மரத்திலேயே குடியிருந்து, இரை குறைவாக இருக்கும்போதே வேலையைத் தொடங்கிவிடும், மகரந்தம் போன்றவற்றையும் தின்று காலம் தள்ளும். உங்கள் பக்கத்துத் தோட்டக்காரரின் மரங்கள் பச்சையாக இருப்பதற்கு அவருடைய மரங்களில் பேனே இல்லை என்பது காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. பேன் இருக்கும், அதைத் தின்பதும் இருக்கும்.

எஸ்ஃபென்வலரேட் செயற்கைப் பைரித்ராய்டு வகையைச் சேர்ந்தது. தொட்டாலே கொல்லும், பலவகைப் பூச்சிகளையும் கொல்லும், ஊசியிலையின் மெழுகுப் பரப்பில் தங்கி வாரக்கணக்கில் வீரியம் காட்டும். அசுவினிக்கு அது எமன். பொறிவண்டுக்கும் கண்ணாடி இறக்கைப் பூச்சிக்கும் இரைவிழுங்கிப் பேனுக்கும் அதே எமன். ஸ்ப்ரூஸ் சிலந்திப் பேனுக்கு மட்டும் அது பெரிய கேடு செய்வதில்லை. முட்டைகள் தப்பிவிடும், அவை பொரிக்கும்போது மரத்தில் எதிரி இல்லை. பேன் வேகமாகப் பெருகும் இனம். இரைவிழுங்கிகள் பக்கத்து வேலியிலிருந்தும் தரைச் செடிகளிலிருந்தும் திரும்பி வர வேண்டும், வந்தாலும் மருந்தின் மிச்சம் அவற்றை மறுபடி கொல்லும். அந்த இடைவெளியில் பேன் இரண்டு மூன்று தலைமுறை கண்டுவிடுகிறது. ஏப்ரல் கடைசியில் தெளித்து ஆகஸ்டில் பழுப்பு வெளிப்பட்டது என்ற உங்கள் கால வரிசை இதற்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது. பொருந்துகிறது என்பது நிரூபணம் ஆகாது. ஆனால் வட கரோலினாவின் வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் பைரித்ராய்டு தெளித்த பின் சிலந்திப் பேனைக் கண்காணிக்கும்படி தொடர்ந்து சொல்லி வருவது இந்த அனுபவத்தால்தான்.

இப்படி மருந்துக்குப் பின் பூச்சி பொங்கி எழுவது தமிழ்நாட்டு நெல் விவசாயிகளுக்கு, நெற்பயிரின் சாறை உறிஞ்சும் புகையான் பூச்சி மூலம் நன்றாகவே தெரிந்த விஷயம். ஊசியிலை மரங்களிலும் இதற்கு நல்ல சான்றுகள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது கலிபோர்னியாவின் சவுத் லேக் டாஹோ ஊரில் நடந்தது, ஏனெனில் அங்கே யாரும் மரத்துக்கு மருந்தடிக்கவே இல்லை. 1960-களில் கொசுவை ஒழிக்க ஊருக்குள் மாலத்தியான் புகை அடித்தார்கள். புகை பட்ட பைன் மரங்களில் பைன் ஊசிச் செதில் பூச்சி ஏராளமாகப் பெருகி ஊசிகள் வெள்ளை பூத்தன. புகை அடிப்பதை நிறுத்திய பிறகு ஒட்டுண்ணிக் குளவிகளும் இரைவிழுங்கிகளும் திரும்பி வந்து சில ஆண்டுகளில் செதில் பூச்சியை அடக்கின. இந்த வீழ்ச்சியைப் படிப்படியாகப் பதிவு செய்த ஆய்வு 1975-இல் வெளியானது. மருந்தை நிறுத்தியதும் பூச்சி குறைந்தது என்பதால் காரணமும் விளைவும் இங்கே தெளிவாக இருக்கின்றன. பைன் ஊசிச் செதில் பூச்சி, ஸ்காட்ஸ் பைன் கிறிஸ்துமஸ் மரங்களிலும் பழைய எதிரிதான்.

இரண்டாவது சான்று கனெக்டிகட் மாநிலத்தில் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்களில் மார்க் மெக்கிளூர் செய்து 1977-இல் வெளியிட்ட ஆய்வு. நீள் ஹெம்லாக் செதில் பூச்சிக்கு டைமெத்தோயேட் தெளித்தபோது பூச்சி முதலில் விழுந்தது, பிறகு தெளிக்காத மரங்களைக் காட்டிலும் மேலே எழுந்தது. இயற்கை எதிரிகள் குறைந்தது ஒரு காரணம்; தேறிய மரத்தில் எஞ்சிய பூச்சிகளுக்குப் போட்டியில்லாமல் நல்ல உணவு கிடைத்தது இன்னொன்று. மூன்றாவது, நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் எல்ம் மரங்களைத் துளைப்பான் வண்டிலிருந்து காக்க இமிடாகுளோபிரிட் கொடுத்தபோது சிலந்திப் பேன் பெருகியதைப் பற்றி 2011-இல் வெளியான ஆய்வு. அது தெளிப்பு மருந்துகூட இல்லை, மரத்துக்குள் ஊடுருவிப் பாய்வது. நஞ்சேறிய பேனைத் தின்ற இரைவிழுங்கிகள் பாதிக்கப்பட்டன. அதோடு மருந்து ஏறிய மரத்தில் பேன் அதிக முட்டையும் இட்டது.

இங்கே உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பரந்த வீச்சுள்ள மருந்து இரைவிழுங்கிகளைக் கொல்லும் என்பதிலும், அதற்குப் பின் சிலந்திப் பேனும் செதில் பூச்சியும் பெருகக்கூடும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் இரைவிழுங்கிகள் ஒழிந்ததே முழுக் காரணமா என்பது வேறு கேள்வி. பைரித்ராய்டு பட்ட பேன்கள் கலைந்து புதிய கிளைகளுக்குப் பரவுகின்றன; அப்படிப் பரவியதால் நெரிசல் குறைந்து இனப்பெருக்கம் கூடலாம். மருந்தின் சிறு அளவு பேனின் முட்டையிடும் திறனையே தூண்டுகிறது என்று சில பரிசோதனைகள் சொல்கின்றன, வேறு சில அப்படிக் காட்டவில்லை. இவை ஒவ்வொன்றும் எவ்வளவு பங்கு வகிக்கின்றன என்பது மருந்தையும் மரத்தையும் ஆண்டின் மழையையும் பொறுத்து மாறும். அடுத்த ஆண்டும் அதே மருந்தை அடித்தால் பேன் கட்டாயம் வரும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். நல்ல மழையும் தண்மையற்ற வசந்தமும் வாய்த்தால் வராமலே போகலாம்.

இனி நீங்கள் தெளித்த காரணத்துக்கு வருவோம். பால்சம் நுனி அசுவினி, மின்டாரஸ் அபியெட்டினஸ், வசந்தத்தின் தொடக்கத்தில் முட்டையிலிருந்து பொரித்து, மொட்டு விரியும் நேரத்தில் இளந்தளிருக்குள் புகுந்து ஊசிகளைச் சுருள வைக்கும். தேன்போன்ற கழிவால் தளிர் பிசுபிசுக்கும். கோடை தொடங்குவதற்குள் முட்டையிட்டுவிட்டு அந்த ஆண்டுக்கு விடைபெற்றுவிடும். மரத்தைக் கொல்வதில்லை, வளர்ச்சியைப் பெரிதாகத் தடுப்பதும் இல்லை. சுருண்ட ஊசி அசிங்கமாகத் தெரியும், அவ்வளவுதான். ஃப்ரேசர் ஃபர் கன்றை வயலில் நட்டபின் விற்பனைக்கு வர ஏறக்குறைய 7 முதல் 10 ஆண்டுகள் ஆகின்றன. மூன்றாம் ஆண்டு மரத்தில் சுருண்ட நுனியை, வெட்டி வடிவமைக்கும் கத்தியும் பின்னால் வரும் வளர்ச்சியும் மறைத்துவிடும். வெட்டப்போகும் ஆண்டிலோ அதற்கு முந்தைய ஆண்டிலோ வந்தால் மட்டுமே வாங்குபவர் கண்ணில் படும். ஆகவே ஒரே அசுவினி, ஒரே எண்ணிக்கை, ஆனால் மரத்தின் வயதைப் பொறுத்து ஒரு கட்டத்தில் தெளிக்க வேண்டியதாகவும் இன்னொரு கட்டத்தில் தெளிக்கக் கூடாததாகவும் ஆகிறது. பூச்சி எந்த அளவை எட்டினால் நஷ்டம் என்பதைக் குறிக்க, பொருளாதார சேத நிலை என்று பாடப்புத்தகம் தரும் ஒற்றை எண் இந்தப் பயிருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். தோட்டம் முழுவதற்கும் ஒரே நாளில் தெளித்ததாக எழுதியிருக்கிறீர்கள்; உங்கள் மரங்களில் பாதிக்கு மேல் இன்னும் நான்கைந்து ஆண்டு விற்பனைக்கு வராதவை என்றால், அந்தப் பாதிக்கு மருந்துச் செலவு செய்து பேனை விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அசுவினியைத் தின்பவற்றின் கதையும் கொஞ்சம் நுணுக்கமானது. மே மாதம் சுருண்ட ஒரு தளிரைப் பிரித்துப் பாருங்கள். வெண்மெழுகுத் துகளுக்கும் பிசுபிசுப்புக்கும் நடுவில், தலை எது வால் எது என்று தெரியாத, காலில்லாத, பசுமையும் பழுப்பும் கலந்த ஒரு புழு அசுவினியைத் தூக்கிப் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். அது சிர்ஃபிட் ஈயின் இளம் பருவம். புதியவர்கள் அதையே பூச்சி என்று நினைத்து மருந்தடித்துவிடுவது உண்டு. பக்கத்தில் பொறிவண்டும் அதன் முதலை வடிவக் குஞ்சும் இருக்கும். இவை ஏராளமாகத் தின்னும் என்பது உண்மை. ஆனால் இவை திரண்டு வருவதற்குள் ஊசி சுருண்டு முடிந்திருக்கும் என்பதும் உண்மை. எனவே வெட்டும் ஆண்டு மரத்தில் இரைவிழுங்கிகளை நம்பி உட்காருவது வீண். அங்கே மருந்து தேவைப்படலாம், அதுவும் முட்டை பொரித்த பின், மொட்டு விரியும் முன் என்ற குறுகிய காலத்துக்குள் தெளித்தால்தான் பயன். சுருண்டபின் தெளிக்கும் மருந்து உள்ளே ஒளிந்த அசுவினியைத் தொடுவது குறைவு, மேலே திரியும் பொறிவண்டைத் தொடுவது நிச்சயம். இளம் மரங்களிலோ, அசுவினி அந்தக் கூட்டத்துக்கு வசந்தகாலச் சாப்பாடு. அதைத் தின்று வளரும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் பொறிவண்டும் பிறகு மற்றப் பூச்சிகளையும் தேடும் என்பதால், அங்கே கொஞ்சம் அசுவினி இருப்பதை நான் ஆட்சேபிப்பதில்லை.

"அப்படியானால் மருந்தையே விட்டுவிடலாமே" என்ற முடிவுக்குத் தடையாக நிற்பது பால்சம் கம்பளி அடெல்ஜிட். ஐரோப்பாவிலிருந்து வந்த இந்தப் பூச்சி வட கரோலினாவில் மவுண்ட் மிட்செல் சிகரத்தில் 1957-இல் கண்டறியப்பட்டது. அதன்பின் அந்த மலைத்தொடரின் இயற்கை ஃப்ரேசர் ஃபர் காடுகளில் முதிர்ந்த மரங்கள் எலும்புக்கூடுகளாக நின்ற காட்சியை ப்ளூ ரிட்ஜ் பார்க்வே வழியாகப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். வட அமெரிக்காவில் இதற்கு ஆணே இல்லை, பெண் பூச்சிகள் கலவியின்றியே முட்டையிடுகின்றன. அடிமரத்தில் வெள்ளைப் பஞ்சுப் புள்ளிகளாகத் தெரியும். அது செலுத்தும் உமிழ்நீரால் மரத்தின் கட்டையே கெட்டு நீரோட்டம் அடைபடும். இதன் இயற்கை எதிரிகளை ஐரோப்பாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் கொண்டுவந்து விட்டார்கள். லாரிகோபியஸ் வண்டு உட்படச் சில நிலைத்தும் விட்டன, ஆனால் பூச்சியை அடக்கவில்லை. ஆகவே இரைவிழுங்கிகளைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக இந்தப் பூச்சியைச் சும்மா விட்டால் மரமே போய்விடும். நல்லவேளையாக இதற்கு ஒவ்வோர் ஆண்டும் தெளிக்க வேண்டியதில்லை. விசைத்தெளிப்பானில் உயர் அழுத்தத்தில் அடிமரம் முழுவதும் நனையும்படி ஒழுங்காக ஒருமுறை தெளித்தால் சில ஆண்டுகள் தாங்கும். அந்தத் தெளிப்பை மரம் உறங்கும் அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடைப்பட்ட காலத்தில் வைத்துக்கொண்டால், பொறிவண்டும் குளவியும் மரத்தில் இல்லாத நேரமாகப் போகும். இரைவிழுங்கிப் பேன் மட்டும் பட்டை இடுக்கில் குளிர்காலத்தைக் கழிப்பதால் அதற்கு அப்போதும் சேதம் உண்டு. ஆகவே அடுத்த வசந்தத்தில் பேனைக் கூடுதலாகக் கண்காணியுங்கள். பைரித்ராய்டுகள் மீன்களுக்குக் கொடிய நஞ்சு என்பதையும், உங்கள் மலை ஓடைகளில் ட்ரவுட் மீன் இருப்பதையும் மறக்க வேண்டாம்.

நான்காவது பூச்சி நீள் ஹெம்லாக் செதில் பூச்சி. மேலே கனெக்டிகட் ஆய்வில் சொன்ன அதே பூச்சிதான். இப்போது உங்கள் பகுதி ஃபர் மரங்களிலும் பெருந்தொல்லை. இதில் மருந்து தோற்பதற்குக் காரணங்கள் பல. ஊசியின் அடிப்பக்கத்தில் மெழுகு ஓட்டுக்குள் உட்கார்ந்திருக்கும், தொடு நஞ்சு அதைத் தொடாது. ஊர்ந்து திரியும் இளங்குஞ்சுகள்தான் தொடு நஞ்சில் சாகும். தெற்கே அவை ஒரே சமயத்தில் பொரிக்காமல் ஆண்டின் பெரும்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். என்கார்சியா சிட்ரினா என்ற மிகச் சிறு ஒட்டுண்ணிக் குளவி ஓட்டுக்குள் முட்டையிட்டு இதைக் கொல்லும். செதிலில் வட்டமான சிறு துளை தெரிந்தால் குளவி உள்ளிருந்து வெளியேறிவிட்டது என்று அர்த்தம். குளவி இருந்தாலும் அது மட்டும் போதுமானதாக இல்லை, பைரித்ராய்டோ அந்தக் குளவியையும் அழித்துவிடுகிறது. மரத்தோடு மாநிலம் தாண்டிப் போகும் பூச்சி என்பதால் வாங்கும் மாநிலங்களும் உஷாராக இருக்கின்றன. 2018-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் வட கரோலினாவிலிருந்து போன பண்டிகை மாலைகளில் இது கண்டுபிடிக்கப்பட்டது. இதற்கு டினோட்டெஃபுரான் போன்ற ஊடுருவிப் பாயும் மருந்துகள் வேலை செய்கின்றன. ஆனால் சென்ட்ரல் பார்க் அனுபவத்தை நினைத்து, அவற்றையும் தாக்கப்பட்ட பகுதிக்கு மட்டும் பயன்படுத்துவேன். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடுவதும் இந்தச் செதில் பூச்சிக்குத்தான் விருந்து.

இப்போது ஆகஸ்டில் என்ன செய்வது? வீரியமான மருந்தைத் தேடுவதற்கு முன், பேன் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பு நிறத்தைப் பார்த்து மருந்தடிப்பது மிகவும் வழக்கமான விரயம். பேன் எப்போதோ போயிருக்கும், நிறம் மட்டும் நின்றிருக்கும். ஒரு வெள்ளை அட்டையைக் கிளைக்கு அடியில் பிடித்து, கிளையை இரண்டு மூன்று முறை தட்டி, விழுந்ததைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பாருங்கள். மெதுவாக நகரும், முதுகில் முட்களுள்ள, கருமையேறிய உருண்டைகள் ஸ்ப்ரூஸ் சிலந்திப் பேன். வழவழப்பான, பேரிக்காய் வடிவமுள்ள, வெளிறியோ செம்மஞ்சளாகவோ இருந்து அட்டையில் குடுகுடுவென்று ஓடுபவை இரைவிழுங்கிகள். விரலால் தேய்த்தால் இலைச்சாறு உறிஞ்சும் பேன் பச்சைத் தீற்றல் விடும் என்பார்கள்; முதல் பார்வைக்கு உதவும், முழுதாக நம்ப முடியாது. கிளையின் உட்பகுதியிலும் மரத்தின் கீழ்ப்பகுதியிலும் பாருங்கள், வெளிநுனியில் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். ஊசியின் அடியில் முட்டைகளும் தெரியும்: செம்பழுப்பாகப் பளபளப்பவை உயிருள்ளவை, நிறமற்ற வெற்று ஓடுகள் பொரித்துப் போனவை.

ஓடும் பேன் கணிசமாகவும் உறிஞ்சும் பேன் குறைவாகவும் இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதே நல்ல வைத்தியம். ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி தட்டிப் பாருங்கள். உறிஞ்சும் பேன் மட்டும் நிறைய இருந்தால் தெளிக்கத்தான் வேண்டும், ஆனால் மறுபடியும் பைரித்ராய்டு வேண்டாம். ஹெக்ஸிதியாசாக்ஸ் போன்ற பேன்கொல்லி முட்டையையும் இளம் பருவத்தையும் மட்டும் பாதிக்கும். வளர்ந்த பேன் உடனே சாகாததால் மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றும், பொறுத்திருக்க வேண்டும். இரைவிழுங்கிகளுக்கு அதன் தீங்கு குறைவு. தோட்டக்கலை எண்ணெய் தெளிக்கும்போது மேலே பட்டவற்றையெல்லாம், இரைவிழுங்கி உட்பட, மூச்சடைத்துக் கொல்லும். ஆனால் காய்ந்தபின் நஞ்சு மிஞ்சாது, ஆகவே பக்கத்திலிருந்து வரும் நன்மை செய்யும் பூச்சிகள் உடனே குடியேறலாம். கடும் வெயிலிலும் உறைபனி எதிர்பார்க்கும் நாளிலும் எண்ணெய் கூடாது. உங்களிடம் ப்ளூ ஸ்ப்ரூஸ் மரமும் இருந்தால் அதன் நீலப் பூச்சை எண்ணெய் கழுவிவிடும். எதைத் தெளித்தாலும் ஒரே மருந்தை ஆண்டு முழுதும் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். சிலந்திப் பேனில் கருவுறாத முட்டை ஆணாகப் பிறக்கிறது. ஒற்றைப் பிரதி மரபணுவுடன் பிறக்கும் அந்த ஆண்களில் எதிர்ப்புத் திறன் மறைந்திருக்க இடமில்லை என்பதால், தேர்வு வேகமாக நடந்து எதிர்ப்புத் திறன் சீக்கிரம் பரவிவிடுகிறது. மருந்தின் பெயரும் அளவும் உங்கள் மாநிலத்தில் கிறிஸ்துமஸ் மரத்துக்கு அனுமதிக்கப்பட்ட லேபிளில் உள்ளபடிதான் இருக்க வேண்டும், அது சட்டம். அனுமதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் வாங்குமுன் கவுண்டி விரிவாக்க அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பொறிவண்டை விலைக்கு வாங்கி விடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பெட்டியில் வரும் பொறிவண்டுகளில் பெரும்பகுதி திறந்த வயலில் விட்டதும் பறந்து போய்விடும். காசைச் செலவிட வேறு இடம் உண்டு. நியோசெயுலஸ் ஃபல்லாசிஸ் என்ற இரைவிழுங்கிப் பேனுக்கு ஆரிகன் நாற்றங்கால்களில் ஓரளவு நல்ல அனுபவம் இருக்கிறது, ஆனால் மருந்தின் மிச்சம் இருக்கும் மரத்தில் அதை விடுவது தண்டம். அதைவிட, வரிசைகளுக்கு நடுவே தரையை மொட்டையாக வைக்காமல் வெள்ளைக் குளோவர் போன்ற குட்டைச் செடிகளை விட்டு வையுங்கள். சிர்ஃபிட் ஈக்கும் ஒட்டுண்ணிக் குளவிக்கும் தேன் கிடைக்கும், இரைவிழுங்கிகள் ஒதுங்க இடம் கிடைக்கும். அதில் பூ இருக்கும்போது மருந்தடித்தால் தேனீயும் சாகும் என்பதால், தெளிப்பதற்கு முன் பூவை வெட்டிவிட வேண்டும். இப்படித் தரைச்செடி வைத்த தோட்டங்களில் இரைவிழுங்கிகள் கூடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் பேன் எவ்வளவு குறைகிறது என்பதை ஓர் எண்ணாகச் சொல்லும் அளவுக்கு அது சீராக இல்லை.

உங்கள் தோட்டத்துக்கு உரிய விடையை நீங்களே பெறுவதற்கு ஒரு வழி இருக்கிறது. அடுத்த வசந்தத்தில் அசுவினிக்குத் தெளிப்பதானால், வெட்டும் வயதை எட்டிய மரங்களுக்கு மட்டும் தெளியுங்கள். அவற்றிலும் இரண்டு வரிசையைத் தெளிக்காமல் விட்டு, அடையாள நாடா கட்டி வையுங்கள். மே முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தெளித்த வரிசையிலும் தெளிக்காத வரிசையிலும் ஒரே எண்ணிக்கை மரங்களைத் தட்டி, உறிஞ்சும் பேனையும் ஓடும் பேனையும் தனித்தனியே எண்ணி எழுதுங்கள். தெளித்த வரிசையில் மட்டும் பேன் எழுந்தால் மருந்துதான் காரணம் என்பதற்கு உங்கள் கையிலேயே சான்று இருக்கும். இரண்டிலும் ஒரே மாதிரி எழுந்தால் நான் மேலே சொன்ன விளக்கம் உங்கள் இடத்துக்குப் பொருந்தவில்லை என்று பொருள். அப்போது முந்தைய இலையுதிர் காலத்திலிருந்து தங்கிய முட்டைகள், அந்தச் சரிவின் வறட்சி, புதிதாக நட்ட கன்றுகளோடு நாற்றங்காலிலிருந்தே வந்த பேன் ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்க வேண்டியிருக்கும். அந்த எண்ணிக்கைகளை அனுப்பினால் மேற்கொண்டு பார்க்கலாம்.